சீருடையும் சீர்தூக்கலும்

'சீர்' என்னும் சொல்லுக்கு அழகு, பெருமை, நன்மை, சமன், கனம் எனப் பல பொருள்கள் தமிழகராதிகளிற் காணப்படுகின்றன. செய்யுளின் உறுப்பொன்றும் அப்பெயராலேயே வழங்கும். சீருடை என்னுந் தொடரில் இவற்றுள் எப்பொருள் நிற்கின்றது என்பது ஆராயத்தக்கது. சமனான உடை என்று கொண்டால், அஃது அணிவோர் அனைவரும் ஒரு நிகர் என்பதைச் சுட்டும். பெருமை தரும் உடை என்று கொண்டால், அதனை அணிவோரை அணியாதாரினின்றும் பிரித்துக் காட்டும். ஒன்றாக்குதல், வேறாக்குதல் என்னும் இரு தொழில்களையும் ஒரே உடை செய்கின்றது. பாடசாலைச் சீருடை பற்றி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் இம்மாறுபாட்டிலிருந்தே பிறந்தவை.

கல்லூரி மன்றங்களிற் சீருடை வேண்டும் என்றும் வேண்டா என்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுதல் நெடுங்கால வழக்கம். வேண்டுமென்பார் சமத்துவம், ஒழுங்கு, சிக்கனம் ஆகிய மூன்றையும் முன்வைப்பர். வேண்டாவென்பார் தனியாளுரிமை, செலவு, போலித்தன்மை ஆகிய மூன்றையும் எடுத்துரைப்பர். இரு சாராரும் கூறுவனவற்றில் உண்மை உண்டு. ஆயினும் அவ்வாதங்கள் இடமுங் காலமுஞ் சுட்டாது பொதுவில் நிகழ்வதால் முடிவு காணாது ஒழிகின்றன. ஓருடை நன்றோ தீதோ என்பது அதனை உடுப்பவர் யார், துவைப்பவர் யார், உலர்த்தும் இடம் யாது, அதற்குப் பொருள் கொடுப்பவர் யார் என்பவற்றைப் பொறுத்தது. ஆதலின் இவ்வினாவை ஓரிடத்தில் நிறுத்தி ஆராய்தலே தக்கது. சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி மாவட்டத் தோட்டப்புறங்கள் அதற்கு மிகவும் பொருத்தமானவை.

இரத்தினபுரி என்றவுடன் மாணிக்கக் கற்களே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் அம்மாவட்டத்தின் பெருஞ் செல்வங்களுள் மழையும் ஒன்று. நகரின் சராசரி மழைவீழ்ச்சி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. களு கங்கை பெருகி நகரையுஞ் சூழவுள்ள ஊர்களையும் மூழ்கடித்த 1947, 2003, 2017 ஆம் ஆண்டுகளின் வெள்ளங்கள் இன்றும் பேசப்படுகின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை, எகலியகொடை முதலிய இடங்களைச் சூழத் தேயிலையும் இறப்பரும் பரந்துள்ளன. அத்தோட்டங்களிலே தென்னிந்தியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வந்த தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோர் வாழ்கின்றனர். அவருட் பலருக்கு இன்றும் வரிசை லயத்தின் ஒரு காம்பராவே வீடு. அதன் முன்னுள்ள சிறு இஸ்தோப்பே சமையலறை, படிப்பறை, துணியுலர்த்துமிடம் ஆகிய மூன்றுமாய்ப் பயன்படுவதுண்டு. பீலிக்கரையே குளிக்கவுந் துவைக்கவும் உரிய இடம்.

இம்மக்களின் கல்வி வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமார்மேற் சுமத்தியது. அதன் வழித் தோன்றிய பாடசாலைகளுட் பல ஒரே மண்டபமும் ஓராசிரியரும் கொண்டவை. ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதவை. 1945 ஆம் ஆண்டில் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயினுந் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே நீடித்தமையால் அதன் முழுப் பயனும் அங்கு எட்டவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கியது. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தங்களின் பின்னர், 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் பெற்றதைத் தோட்டத்துப் பிள்ளை பெறுவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேற் காத்திருக்க நேர்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது சீருடைக்குச் சார்பான முதல் வாதம் பெரும் வலிமை பெறுகின்றது. தமிழ்ச் சமுதாயத்தில் உடை என்பது மானங்காக்கும் பொருளாக மட்டும் இருந்ததன்று. இன்னார் இன்ன நிலையினர் என அறிவிக்கும் அடையாளமாகவும் இருந்தது. திருவிதாங்கூரிலே மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்டிர் பல்லாண்டு போராடி 1859 ஆம் ஆண்டிலேயே அரச அறிவிப்பால் அவ்வுரிமையை ஒருவாறு பெற்றனர். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்வதற்கும் 1920களிலும் 1930களிலும் கடும் எதிர்ப்பு இருந்தது. தோட்டத்திலோ பெரிய கங்காணியின் பிள்ளையையும் கணக்கப்பிள்ளையின் பிள்ளையையும் தொழிலாளியின் பிள்ளையையும் துணியைக் கொண்டே பிரித்தறியலாம். இத்தகைய சமுதாயத்திலே, பாடசாலையின் படலையைக் கடந்தவுடன் எல்லாரும் ஒரே வெள்ளை அணிவர் என்பது சிறு செய்தியன்று. ஒரே வாங்கு எதனைச் செய்ததோ அதனையே ஒரே உடையுஞ் செய்கின்றது.

இச்சமத்துவம் தோட்டப்புறத்தில் மற்றொரு பொருளையும் பெற்றது. 1980 ஆம் ஆண்டில் இலவசப் பாடநூல்களும், சனாதிபதி ரணசிங்க பிரேமதாசாவின் ஆட்சியில் 1993 ஆம் ஆண்டில் இலவசச் சீருடைத் துணியும் அரசாற் கொடுக்கப்படலாயின. கொழும்பில் உள்ள பெருங் கல்லூரியின் மாணாக்கனுக்கும் காவத்தைத் தோட்டத்து மாணாக்கனுக்கும் அரசு ஒரே துணியை அளந்தளித்தது. பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்ப்பதற்கென 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட வேண்டியிருந்ததை எண்ணுக. அவ்விரண்டு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே இத்துணி தோட்டத்துக்கு வந்தது. தாள்களில் உரிமை தேடி அலைந்த தந்தையின் பிள்ளை, நாட்டின் ஏனைய பிள்ளைகளோடொத்த உடையில் வீதியில் நடந்தது. பிரதான வீதியிற் பேருந்துக்கு நிற்கும் சிங்களப் பிள்ளையையும் தமிழ்ப் பிள்ளையையும் முசிலிம் பிள்ளையையும் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகள் என்று மட்டுமே அவ்வுடை கூறியது. உடையின் வரலாற்றில் இஃது ஒரு நற்பேறு என்பதில் ஐயமில்லை.

சிக்கனம் என்னும் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாளுக்கொரு வண்ண உடை வேண்டும் என்னும் போட்டியைச் சீருடை தடுக்கின்றது. வெள்ளைத் துணிக்குச் சாயச் செலவில்லை, வெளிறிப்போதலும் இல்லை. அண்ணனுக்குச் சிறுத்த சட்டை தம்பிக்கு ஆகும்போது அது பழையதென்று ஒருவருங் கூறார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் முதுமொழியைப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் பழக்குவதும் வெள்ளையுடையே. அழுக்கை மறைக்காத நிறம் தூய்மையைத் தானே கற்பிக்கும். சைவப் பிள்ளைகளுக்கோ அந்நிறம் கலைமகளின் நிறமாகவுங் கோயிலுக்குரிய நிறமாகவும் அமைகின்றது. இவையனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரே எதிர்வாதங்களை நோக்குதல் நேர்மையாகும்.

சீருடையின் பிறப்பு வரலாறு சமத்துவத்தோடு தொடங்கியதன்று. இங்கிலாந்தில் 1552 ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட கிறைஸ்ற்ஸ் கொஸ்பிற்றல் என்னும் அறப்பாடசாலையின் ஏழைப் பிள்ளைகளுக்கு நீல நிற நெடுஞ்சட்டை அளிக்கப்பட்டது. அதனைப் பின்பற்றி எழுந்த அறப்பாடசாலைகள் நீலச்சட்டைப் பாடசாலைகள் என்றே பெயர் பெற்றன. தருமத்தில் வளரும் பிள்ளை இது எனப் பார்த்தவுடன் அறிவதற்கு அவ்வுடை உதவிற்று. செல்வர் பயிலுங் கல்லூரிகள் பின்னரே தமக்கெனத் தனியுடை வகுத்துக்கொண்டன. அங்கு அது பெருமையின் சின்னமாயிற்று. எனவே ஏழைக்கு ஏழ்மையின் முத்திரையாகவும் செல்வனுக்குச் செல்வத்தின் முத்திரையாகவும் சீருடை இருந்துள்ளது. கழுத்துப்பட்டியின் கோடு, சட்டைப்பையின் இலச்சினை, தொப்பியின் வடிவம் முதலிய நுட்பங்களிலே இவ்வேற்றுமை இன்றும் ஒளிந்திருக்கின்றது. ஒரு பாடசாலைக்குள்ளே பிள்ளைகளைச் சமமாக்கும் உடை, பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வை வீதியெங்கும் விளம்பரஞ் செய்கின்றது. நகரத்துத் தேசியப் பாடசாலையின் கழுத்துப்பட்டிக்கும் தோட்டத்து வித்தியாலயத்தின் கழுத்துப்பட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத கடைக்காரர் எவரும் இலர்.

சமத்துவம் என்பதும் அணுகி நோக்கும்போது குறைபடுகின்றது. அரசு அளிப்பது துணி, சட்டையன்று. துணியைச் சட்டையாக்குந் தையற்கூலி பெற்றோருடையது. அத்தோடு பாதணி, காலுறை, கழுத்துப்பட்டி, புத்தகப்பை ஆகியனவும் வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டிலேயே 1,000 ரூபா ஆயிற்று. அதுவும் நீண்ட போராட்டத்தின் பின்னர்ச் சம்பள நிர்ணய சபையின் வழியாகவே கிடைத்தது. அந்நாட்கணக்கில் இரு பிள்ளைகளின் பாதணி எத்தனை நாட் பேருக்கு ஈடாகும் என்பதைக் கணக்கிடுதல் அரிதன்று. நல்ல தையற்காரர் தைத்துப் பெட்டி போட்ட வெள்ளையும், லயத்தில் ஒருவர் கைப்பழக்கத்தால் தைத்து அடுப்பங்கரையில் உலர்த்திய வெள்ளையும் ஒரே வெள்ளையல்ல. பன்னிற உடைகளுக்கிடையே கவனியாது விடப்படும் கிழிசலும் கறையும் ஒரு நிற உடைகளின் வரிசையிலே உடனே கண்ணிற் படும். வேற்றுமையை மறைப்பதற்கென வகுக்கப்பட்ட உடையே சில வேளை அதனைத் துலக்கமாகக் காட்டிவிடுகின்றது.

இரத்தினபுரியின் மழை இக்குறையைப் பெருக்குகின்றது. இறப்பர் மரத்தில் விடியற்காலையிற் பால் மிகுதியாக ஒழுகும். ஆதலால் பால் வெட்டுந் தாயுந் தந்தையும் பிள்ளை எழுமுன்னரே மலைக்குச் சென்றுவிடுவர். மழை பெய்யுங் காலையிற் பால்வெட்டு பெரும்பாலுந் தடைப்படும். தடைப்படின் அன்றைய சம்பளத்துக்கும் இடையூறாகும். துவைத்த துணி உலராததும் அதே மழையினாலேயாம். ஆகவே கையிற் பணம் குன்றும் நாளும் உலர்ந்த சட்டை இல்லாத நாளும் ஒரே நாளாக வந்து சேர்கின்றன. இறப்பர்ப் பால் துணியிற் பட்டு உறைந்தால் அக்கறை எளிதில் நீங்காது. செம்மண் வழியாக இரண்டு மூன்று கட்டை நடந்து வரும் பிள்ளையின் வெள்ளை, முதற்பாட வேளைக்கு முன்னரே நிறம் மாறிவிடும். இவற்றை அப்பிள்ளையின் அசட்டை எனக் கொள்ளுதல் மழையைக் குற்றஞ் சாட்டாது நனைந்தவனைக் குற்றஞ் சாட்டுவது போலாகும்.

இனி, இவ்வாராய்ச்சியின் நடுவாகிய செய்திக்கு வருதல் தகும். ஒரேயொரு சீருடை உள்ள பிள்ளை, அஃது உலராத காலையில் யாது செய்யும்? ஈரத்தோடு உடுத்திச் செல்லலாம், வேறுடை உடுத்திச் செல்லலாம், வீட்டில் நின்றுவிடலாம். ஈரம் நோய் தரும். வேறுடை வாயிலில் விசாரணையைத் தரும். சக மாணாக்கரின் நகைப்பையுந் தரும். வீட்டில் நிற்பது ஒன்றே நாணத்துக்கு இடமில்லாத வழி. அவ்வாறு நின்ற நாள்கள் வரவுப் பதிவேட்டில் வெறும் வராமையாகவே குறிக்கப்படும். காரணம் அங்கு எழுதப்படுவதில்லை. ஒரு வாரத்தில் ஒரு நாள் என்பது ஓராண்டில் ஏறத்தாழ நாற்பது பாடசாலை நாள்களாகும். கணிதத்திலும் வாசிப்பிலும் அந்நாற்பது நாள்களின் இடைவெளியை எந்த ஆசிரியரும் பின்னர் எளிதில் நிரப்ப இயலாது. ஒழுங்குக்காக ஏற்பட்ட விதி ஒழுங்காகப் பாடசாலைக்கு வருதலையே கெடுக்குமாயின், அவ்விதி தன் நோக்கத்தைத் தானே தோற்கடித்ததாகும். இலங்கையிற் கட்டாயக் கல்விக்குரிய வயது 1997 ஆம் ஆண்டில் 5 முதல் 14 எனவும், 2016 ஆம் ஆண்டில் 5 முதல் 16 எனவும் விதிக்கப்பட்டது. வரவேண்டும் என்று சட்டம் கட்டளையிடும் பிள்ளையைச் சட்டையைக் காட்டித் திருப்பியனுப்புதற்கு எப்பாடசாலைக்கும் நியாயமில்லை.

பிறநாட்டாராய்ச்சிகளும் இவ்விடத்தில் ஒளி தருகின்றன. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரத்துப் பொதுப் பாடசாலைகள் கீழ் வகுப்புகளுக்குச் சீருடையைக் கட்டாயமாக்கின. குற்றங்கள் குறைந்தன என்ற செய்தி பரவியது. 1996 ஆம் ஆண்டில் சனாதிபதி கிளின்ரனும் அம்முறையைப் பாராட்டினார். ஆயின் 1998 ஆம் ஆண்டிற் புரூன்ஸ்மா, உறொக்குவெமோர் என்னும் இரு சமூகவியலாளர் பெருந்தொகையான மாணாக்கர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, சீருடைக்கும் வரவு, நடத்தை முதலியவற்றுக்கும் நேர்த் தொடர்பு இல்லையென அறிவித்தனர். கென்யா நாட்டிலோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையை இலவசமாகக் கொடுத்து நிகழ்த்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அவர்களின் வராமை குறைந்தது. முன்னர்ச் சீருடையே இல்லாதிருந்த பிள்ளைகளிடம் அக்குறைவு மிகுதியாக இருந்தது. எனினும் எட்டாண்டுகளின் பின்னர் நோக்கியபோது, அவர் கற்ற வகுப்பிலும் பெற்ற தேர்ச்சியிலும் நிலையான உயர்வு காணப்படவில்லை.

இவ்விரு முடிவுகளும் தம்முள் முரண்படுவன போலத் தோன்றினும் உண்மையில் முரண்படுவன அல்ல. முன்னையது சீருடையைக் கேட்டதன் விளைவை அளந்தது. பின்னையது சீருடையைக் கொடுத்ததன் விளைவை அளந்தது. கேட்டதனாற் பெரும் பயன் தோன்றவில்லை; கொடுத்ததனால் உடனடிப் பயன் தோன்றியது. அப்பயனும் தடையொன்று நீங்கியதன் பயனேயாம். துணிக்குக் கல்வி புகட்டும் ஆற்றல் உண்டென்பதன்று. சீருடையின் சிறப்பைப் பேசுவோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பொதுவில் நிகழும் பட்டிமன்றங்கள் முடிவு காணாமைக்குக் காரணமும் இதுவே. கொடை என்றும் நிபந்தனை என்றும் இருவேறு பொருள்களை ஒரே பெயரால் அழைத்து வாதிடின் முடிவு எங்ஙனம் பிறக்கும்?

தனியாளுரிமை, சமய உரிமை என்பனவுஞ் சீர்தூக்கத்தக்கன. சீருடை பிள்ளையின் தனித்தன்மையை அழிக்கும் என்பது மேனாட்டார் பெரிதுங் கூறும் வாதம். தோட்டத்துப் பிள்ளைக்கு உடையில் தெரிவு செய்யும் வாய்ப்பே அரிதாதலின் அவ்வாதம் இங்கு அத்துணை வலிவுடையதன்று. சமய அடையாளம் பற்றிய வினாவோ வலிவுடையது. கர்நாடகத்தில் முசிலிம் மாணவியர் தலைமறைப்பு அணிந்து வகுப்புக்கு வருதல் பற்றிய வழக்கில் 2022 மார்ச்சில் அம்மாநில உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. அவ்வாண்டு ஒற்றோபரில் இந்திய உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் இருவரும் தம்முட் கருத்து வேறுபட்டனர். இலங்கையிலோ முசிலிம் மாணவியரின் மரபுக்கேற்ற சீருடை வடிவமும் வழக்கில் ஏற்கப்பட்டுள்ளது. திருநீறும் பொட்டும் அணிந்து வரும் பிள்ளையும், தலையை மறைத்து வரும் பிள்ளையும் ஒரே வெள்ளையை உடுத்தல் கூடுமென்பதை அவ்வழக்கம் காட்டுகின்றது. ஒப்புமை என்பது வேறுபாடே இல்லாமை அன்று. வேறுபாட்டால் ஒருவரும் தாழாமையே ஒப்புமை. ஐயப்பனுக்கு மாலையிட்ட மாணாக்கனின் கருநிற ஆடைக்கு இடந்தரும் பாடசாலை, பிற சமயத்தாரின் மரபுக்கும் அவ்வாறே இடந்தருதல் கடன்.

தமிழ்நாட்டின் அனுபவமும் நோக்கத்தக்கது. காமராசர் ஆட்சியிலே பொதுக்கல்வி இயக்குநராய் விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு, 1950களின் இறுதியில் ஊர்ப்பொதுமக்களின் நன்கொடையாற் பாடசாலைகளைச் சீரமைக்கும் இயக்கத்தை நடத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை அளித்தலும் அக்காலத்திலே அந்நோக்கத்தோடு வளர்ந்தது. பிற்காலத்தில் அரசே அப்பொறுப்பை ஏற்றது. மதிய உணவுத் திட்டத்திற் பயன்பெறும் மாணாக்கருக்கு ஆண்டுதோறும் நான்கு இணைச் சீருடைகள் என்னும் முறை 2012 அளவில் நடைமுறைக்கு வந்தது. அவை துணியாக அன்றித் தைத்த உடைகளாகவே வழங்கப்படுகின்றன. மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றைத் தைத்துக் கொடுக்கின்றன. பிள்ளைக்கு உடையும், தாயர்க்குத் தொழிலும் ஒரே செலவினாற் கிடைக்கின்றன. இலங்கையில் 2015 ஆம் ஆண்டளவில் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கும் முறை புகுந்து, பின்னர் மீண்டுந் துணியே கொடுக்கப்படலாயிற்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் சீன நாட்டின் நன்கொடைத் துணியே பெரும்பங்கை நிறைவு செய்தது. சிறு பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு 3,000 ரூபா பெறுமதியான பாதணி வவுச்சரும் வழங்கப்பட்டது. இவை நன்றே. ஆயினும் தைத்தலும் மாற்றுடையும் இன்னும் பெற்றோரின் தோளிலேயே உள்ளன.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒரு முடிவு பெறப்படும். சீருடையைக் கேட்பவர் எவரோ அவரே அதனை அளிக்கும் பொறுப்பையும் ஏற்கும்போது அது சமத்துவத்தின் கருவியாகும். கேட்பவர் ஒருவராகவும் அளிப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது அது வாயிற்கதவாகும். தோட்டப்புறத்துச் சீருடையை ஒழித்துவிடுதல் இக்குறைக்கு மருந்தன்று. அதனை ஒழித்தால் கங்காணி மகனும் தொழிலாளி மகளும் துணியாற் பிரிந்து நின்ற பழைய நிலையே கடை வண்ணங்களோடு மீளும். ஒரு நாட்டுப் பிள்ளைகள் என்ற அடையாளமும் நீங்கும். வேண்டுவது சீருடையை நீக்குதலன்று. அதன் பாரத்தைப் பிள்ளையின் தோளிலிருந்து நீக்குதலே.

அதற்குரிய வழிகள் அரியனவுமல்ல. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இரண்டு இணை உடையேனுங் கிடைத்தல் முதலாவது. ஒன்று நனைந்தால் மற்றொன்று உதவும். தோட்டப் பெண்களிடையே தையற்பயிற்சி பெற்றோரைக் கொண்டு அவ்வூரிலேயே தைப்பித்தல் இரண்டாவது. மழை மிகுந்த மாதங்களில் வெள்ளையோடு கருநீலமோ பிற நிறமோ கொண்ட மாற்றுடைக்கு இடமளித்தல் மூன்றாவது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் உடைமை இழந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டற்பாலது. 2016 ஆம் ஆண்டில் அரநாயக்கையிலும் 2017 ஆம் ஆண்டில் இரத்தினபுரியிலும் நேர்ந்தவை அவ்வூர்ப் பிள்ளைகளின் புத்தகத்தையுந் துணியையும் ஒருங்கே கொண்டுபோயின. 2025 நவம்பரில் வந்த திட்வா புயலும் மலைப்புறங்களிற் பேரழிவு செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடை காரணமாக எந்தப் பிள்ளையும் வகுப்பிலிருந்து திருப்பப்படலாகாது என்னும் விதி ஆசிரியர் மனத்திற் பதிதல் வேண்டும். வாயிலில் நிற்கும் ஆசிரியர் "சட்டை எங்கே?" என்று வினவுவதற்கு முன் "வீட்டில் எத்தனை சட்டை உண்டு?" என்று தனியே வினவுவாராயின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பழைய மாணாக்கர் சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பரிசளிப்பு விழா மேடைக்கும் பாடசாலை வாயில் வளைவுக்கும் நன்கொடை திரட்டுதல் எளிது. அவற்றிற் கொடுத்தவர் பெயர் பொறிக்கப்படும். ஒரு பிள்ளையின் மாற்றுச் சட்டையிற் பெயர் பொறித்தல் இயலாது, பொறித்தலும் ஆகாது. நீலச்சட்டைப் பிள்ளைகளின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே. கொடுக்கப்பட்ட உடை கொடுக்கப்பட்டதென்று தோன்றாதிருத்தல் வேண்டும். தலைமையாசிரியரின் அலுமாரியில் நான்கு அளவுகளிற் பத்து இருபது சட்டைகள் இருப்பின், நனைந்து வந்த பிள்ளை மாற்றிக்கொண்டு முதற்பாட வேளைக்கே தன் வாங்கில் அமரலாம். மாலையில் அதே சட்டையைத் துவைத்துக் கொண்டுவருமாறு கூறினாற் போதும். கணக்குப் புத்தகமும் நன்றியுரையும் வேண்டா.

சீருடை நன்றோ தீதோ என்னும் வினாவுக்குரிய விடை துணியில் இல்லை. மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமையில் இறப்பர்த் தோட்டத்துப் பாடசாலையொன்றின் வரவுப் பதிவேட்டைப் பார்ப்போர்க்கு அவ்விடை தெரியும். அன்று வந்த பிள்ளைகளின் தொகை முன்னைய வெள்ளிக்கிழமையின் தொகையோடு ஒத்திருக்குமாயின், அப்பாடசாலையில் உள்ளது சீருடையே. குறைந்திருக்குமாயின், குறைந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு அவர்தம் லயத்துக்குச் சென்று வருதல் ஆசிரியர்க்குரிய அடுத்த வேலையாகும்.